கண்ணைத் தாழ்த்தும் கமரா

“மூண்டா? மூண்டு எதுக்குப் புள்ள? ஒரு வீட்டுக்கு எத்தின கண் வேணும்?”

கேட்டவர் ஆசியா உம்மா. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். கேள்வி முற்றத்தில் நின்ற மருமகன் ஸலாஹுதீனுக்கு. ஆனால் சொல்லப்பட்டது மகள் ஸம்ஸியாவிடம். கிடுகு வேலிக்கு அப்பால் நாலு வீட்டுக்கும் கேட்ட கேள்வியை, ஸம்ஸியா முறைப்படி இன்னொருதரம் புருசனுக்குச் சொன்னாள்.

“உம்மா கேக்கிறா, மூண்டு எதுக்காம்?”

“மாமிக்குச் சொல்லு, மூண்டும் நமக்கில்ல. பாத்து ஒண்டை எடுத்திட்டு ரெண்டைத் திருப்பிக் குடுக்கணும். சாறி பாக்கிற மாதிரி.”

சாறி பாக்கிற மாதிரி என்றதும் ஆசியா உம்மாவுக்கு விளங்கிவிட்டது. சாய்ந்தமருதுப் பெண்கள் துணிக்கடைக்குப் போவதில்லை. துணிக்கடைதான் மூட்டையாக அவர்களிடம் வரும். விரித்துப் பார்த்து, தோளில் போட்டு, அடுத்த வீட்டுக்குக் காட்டி, குறை சொல்லி, ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை மடித்து அனுப்புவார்கள். கல்முனையில் போட்டோக் கடை வைத்திருக்கும் காரைதீவுக் கனகரெத்தினமும் அந்த வழக்கத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார். கல்லோயா அணைக்கட்டு வேலை முடிந்து ஊருக்குப் போன வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன மூன்று கமராக்களை ஒரு பழைய சாரத்தில் கட்டிக் கொடுத்து, “தம்பி, நாளைக்கு வெள்ளன ரெண்டு திரும்பி வரணும். பிலிம் போடல்ல, பயப்பிடாம அமத்திப் பாக்கச் சொல்லுங்க” என்று அனுப்பியிருந்தார்.

ஸலாஹுதீன் மருதமுனைத் தறியில் நெய்த சாரங்களைக் கொண்டுபோய்க் கண்டியிலும் கொழும்பிலும் கடைகளுக்குப் போடுகிறவன். கல்யாணமாகி ஏழெட்டு மாதம். வருகிற சனிக்கிழமை முதல்தரமாக ஸம்ஸியாவும் கூடப் போகிறாள். மட்டக்களப்பு வரைக்கும் பஸ், பிறகு ரயில் கோச்சி. நிந்தவூருக்கு அப்பால் ஒரு ஊரும் பார்க்காதவளுக்கு பயணம் முடிவான அன்றிலிருந்து நித்திரை இல்லை. அவளுக்குக் கொழும்பில் சாறி வேண்டாம், காப்பு வேண்டாம். தெரு வேண்டும். போகிற வழியெல்லாம் பார்க்கிற தெருவைப் பிடித்துக்கொண்டு வந்து இந்த ஒழுங்கைச் சந்துப் பெண்களுக்கெல்லாம் காட்ட வேண்டும். அதுவும் தன் கையால் பிடிக்க வேண்டும். ஸலாஹுதீன் ஓம் என்றுவிட்டான். ஆனால் வீடு ஆசியா உம்மாவின் வீடு. மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடுதான். இருந்தாலும் அவருடைய வாயிலிருந்து ஓம் வராமல் அந்த வீட்டுக்குள் ஒரு கரண்டிகூட நுழைந்ததில்லை.

“பாப்பம்” என்றார் ஆசியா உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து. “எனக்குப் பொருந்தினா ஒண்டு நிக்கும். பொருந்தாட்டி மூண்டும் போகும்.”

மாமி மருமகனுக்கு முன்னால் வருவதில்லை, முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்பது அந்த வீட்டு மரியாதை. மார்க்கத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை என்று ஊர் லெப்பையே சொல்லிப் பார்த்துவிட்டார். “மார்க்கம் வேற, வெக்கம் வேற” என்று ஆசியா உம்மா முடித்துவிட்டார். மருமகனிடம் அவர் இதுவரை பார்த்தது செருப்பும் சாரத்தின் கரையும்தான். ஸம்ஸியா வீட்டில் இல்லாத நேரத்தில் அவசரம் என்றால் கோழியைக் கூப்பிட்டுச் சொல்லுவார்: “இஞ்ச கோழி, மருமகன்ட தேத்தண்ணி ஆறுது.” ஸலாஹுதீனும் கோழியிடமே பதில் சொல்லுவான்: “இந்தா குடிக்கன் கோழி.”

முற்றத்தில் பாய் விரித்து மூட்டையை அவிழ்த்தபோது வேலியைப் பிரித்துக்கொண்டு ஹாஜறா சாச்சி வந்துவிட்டார். ஆசியா உம்மாவின் தங்கச்சி, பக்கத்து வளவு. மருமகன் முன்னால் வருவதில் அவருக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

“எங்க, எங்க, முதல்ல எனக்கு ஒண்டு பிடி” என்று சாச்சி மாமரத்தடியில் போய் நின்று முந்தானையைச் சரிசெய்தார்.

“பொறுங்க சாச்சி, எது நல்லமெண்டு பாக்கணும்.”

“எதாலயும் பிடி. நான் எல்லாத்திலயும் ஒரே வடிவுதான்.”

ஸலாஹுதீன் முதலில் நீட்டியது அவன் மனம் வைத்திருந்த கமரா. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான், தோல் உறை, பளபளவென்று இரண்டு திருகு. “இதைப் பார் புள்ள. இதான் இப்ப கொழும்பில எல்லாரும் வெச்சிரிக்கிறது. பைக்குள்ள போடலாம். கண்ணில வெச்சி அமத்தினாச் சரி.”

ஸம்ஸியா வாங்கிக் கண்ணில் வைத்தாள். அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளே மாமரம் தெரிந்தது, சாச்சி தெரிந்தார், சாச்சியின் மூக்குத்திகூடத் தெரிந்தது. “அல்லாஹ்வே! பாக்க அப்பிடியே இரிக்கி!” என்று துள்ளினாள்.

“புள்ள” என்றது கதவு. “மற்றக் கண்ணுக்கு என்ன?”

“மற்றக் கண்ணை மூடணும் உம்மா. அப்பத்தான் தெரியும்.”

“ஓகோ. அப்ப கொழும்புத் தெருவில நிண்டு, போற வாற ஆம்புளையளைப் பாத்து ஒத்தைக் கண்ணை அடிக்கப் போறா என்ட மகள்.”

சாச்சி மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ராத்தா, அதுவும் நிண்டு நிதானமா! குறி பாத்து!”

“அது கண்ணடிக்கிறதில்ல உம்மா, படம் பிடிக்கிறது!”

“அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கொழும்பு ஆம்புளைக்குத் தெரியுமா?”

ஸலாஹுதீன் தலையைச் சொறிந்தான். போன மாதம் கண்டியில் ஒரு வெள்ளைக்காரி அப்படிக் கமராவைப் பிடித்தபோது அவனே ஒரு கணம் தடுமாறிச் சட்டைக் கொலரைச் சரிசெய்திருந்தான். அதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

தோல் உறைக்குள் அந்தக் கமரா திரும்பிப் போனது.

இரண்டாவது, கிதாப் புத்தகம் மாதிரித் தட்டையாக மூடிக் கிடந்தது. கறுப்பு. ஒரு பக்கத்தில் சின்ன ஆணி.

“இது எங்க பாக்கிறது?” என்று ஸம்ஸியா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கண்ணுமில்ல, மூக்குமில்ல.”

“உள்ளுக்கு இரிக்கி.”

“முக்காட்டுக்குள்ள வெச்சாத் தெரியுமா எண்டு பாப்பம்.” அதுதான் அவளுக்கு முக்கியமான சோதனை. பஸ்ஸிலும் கோச்சியிலும் முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போகக்கூடிய சாமானாக இருக்க வேண்டும். செருகிப் பார்த்தாள். ஒரு புடைப்பும் இல்லை. முற்றத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்து காட்டினாள். “சாச்சி, தெரியுதா?”

“ஒண்டும் தெரியல்ல. கிட்ட வா பாப்பம்.”

சாச்சி கிட்ட வந்து முக்காட்டின் மேலால் தடவிப் பார்த்தார். விரல் அந்த ஆணியில் பட்டது. டப்பென்று ஒரு சத்தம். முக்காட்டை முட்டிக்கொண்டு ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ ஒன்று சாச்சியின் நெஞ்சை நோக்கிப் பாய்ந்தது.

“யா அல்லாஹ்! உசிருள்ள சாமான்!”

சாச்சி பின்னால் பாய்ந்த வேகத்தில் கோழி பறந்து கூரையில் ஏறியது. ஸம்ஸியா பயந்து முக்காட்டை உதற, துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான கறுப்புத் தோலை நீட்டிக்கொண்டு கமரா வெளியே எட்டிப் பார்த்தது. முனையில் ஒரு வட்டக் கண்ணாடி.

“என்ன புள்ள அது?” கதவு இரண்டு விரற்கடை திறந்தது.

“மூக்கு நீட்டுது உம்மா!”

“ஆருக்கு?”

“சாச்சிக்கு!”

“அப்ப அதுக்குக் கண் சரியில்ல, வெச்சிடு.”

ஸலாஹுதீன் பாயில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சாச்சி அவனை ஒருதரம் முறைத்துவிட்டு, தானும் சிரிப்பை அடக்க முடியாமல் வேலியோரம் போய் நின்றுகொண்டார்.

மூன்றாவது ஒரு பெட்டி. முன்னால் மேலும் கீழுமாக இரண்டு கண். உச்சியில் ஒரு மூடி. மூடியைத் திறந்தால் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி.

“இதைக் கண்ணில வைக்கிறல்ல” என்றான் ஸலாஹுதீன். “வயித்தோட பிடிச்சி, குனிஞ்சி மேலால பாக்கணும்.”

ஸம்ஸியா வயிற்றோடு பிடித்துக் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் முற்றம் முழுவதும் வெயிலோடு இறங்கிக் கிடந்தது. அவள் இன்னும் கிட்டக் குனிந்தாள்.

“என்னகா, பேச்சுமூச்சில்ல?” என்றார் சாச்சி.

“உம்மா” என்றாள் ஸம்ஸியா மெல்ல. “இதில நான் ஆரையும் பாக்கல்ல. தலையைக் குனிஞ்சிதான் நிக்கன். பாருங்க.”

கதவு நாலு விரற்கடை திறந்தது. முக்காடு நெற்றி வரை இறங்க, தலை குனிந்து, கண் நிலத்தைப் பார்க்க நிற்கும் மகளை ஆசியா உம்மா பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவள் இத்தனை அடக்கமாக நின்றதில்லை.

“மாஷா அல்லாஹ்” என்றார். “கண்ணைத் தாழ்த்திப் பாக்கிற கமரா. வெள்ளைக்காரன்லயும் நல்லவன் ஒருத்தன் இரிந்திரிக்கான். கொண்டா இஞ்ச பாப்பம்.”

பெட்டி கதவிடுக்கால் உள்ளே போனது. பிறகு கதவு முழுதாகத் திறந்தது. ஆசியா உம்மா வாசற்படியில் நின்றார். முகம் பெட்டிக்குள். முதுகு வளைந்து, முக்காடு மூக்கு வரை இறங்கி, கண் நேராக நிலத்தை நோக்கி. முறை எதுவும் தவறவில்லை. ஆனால் அந்தத் தீப்பெட்டிக் கண்ணாடிக்குள் ஏழெட்டு மாதமாகப் பார்க்காத மருமகன் உச்சி முதல் பாதம் வரை நின்றுகொண்டிருந்தான்.

“ஏய் ஹாஜறா” என்றார் ஆசியா உம்மா. குரல் மாறியிருந்தது. “இவர் நல்ல வடிவான மனிசன்!”

“இப்பவா தெரியுது? நாங்க வடிவெண்டு சொல்லித்தானே மாப்புளையா எடுத்த!”

“சுருட்டை முடி. யாரும் சொல்லல்லயே. இடக் கன்னத்தில மச்சமும் இரிக்கி.”

“வலக் கன்னத்தில உம்மா” என்றாள் ஸம்ஸியா.

“இடக் கன்னம்.”

“வலக் கன்னம்! எனக்குத் தெரியாதா?”

“நான் இப்ப பாத்துக்கொண்டு நிக்கன். நீதான் மாப்புளைட மூஞ்சைக்கூட ஒழுங்காப் பாக்காம இரிந்திரிக்காய்!”

ஸம்ஸியாவுக்கு உச்சந்தலை சூடேறியது. ஏழெட்டு மாதமாக நித்தம் பார்க்கிற முகம். புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் சந்தேகத்தோடு இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஹாஜறா, மருமகனை நடுவுக்கு வரச் சொல்லு. கரையில நிக்கார்.”

“நடுவுக்கு வரட்டாம்.”

அவன் நடுவுக்கு வந்துதான் நின்றான். ஆசியா உம்மா பெட்டியை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். மருமகன் கண்ணாடியில் இன்னும் ஓரத்துக்குப் போனான். இன்னும் கொஞ்சம் திருப்பினார். அவன் பாதியாகிவிட்டான்.

“ஓடுறார்! ஏன் ஓடுறார்?”

“நான் அசையவே இல்லையே!” என்றான் ஸலாஹுதீன் கூரையிலிருந்த கோழியிடம்.

“இந்தா, முழுக்கப் போயிட்டார்! புடி ஹாஜறா!”

ஆசியா உம்மா படியிறங்கி முற்றத்துக்கு வந்தார். பெட்டியில் இடப்பக்கம் தெரிகிற மனிதனைப் பிடிக்க இடப்பக்கம் நடக்க, மனிதன் கண்ணாடியில் இன்னும் இடப்பக்கம் தப்பினான். அவர் தன்னை நோக்கி வருகிறாரா, விலகிப் போகிறாரா என்று ஸலாஹுதீனுக்குத் தெரியவில்லை. மாமிக்கு வழிவிடுவதுதான் மரியாதை என்று அவன் ஒதுங்கினான். அவர் சுழன்றார். அவன் மாமரத்தைச் சுற்றினான். அவரும் சுற்றினார். சாச்சி நடுவில் நின்று “இஞ்சால, அஞ்சால” என்று இரண்டு பேருக்கும் பிழையாகவே வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஸம்ஸியா பாயில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “உம்மா, கண்ணாடியில எல்லாம் மாறித் தெரியுது! நிலைக்கண்ணாடி மாதிரி! மச்சமும் அதான் மாறிட்டு! மற்றப் பக்கம் கிறுகுங்க!” என்று கத்தினாள். சிரிப்பில் ஒரு சொல்லும் ஒழுங்காக வெளியே வரவில்லை.

எப்படியோ ஆசியா உம்மா மற்றப் பக்கம் கிறுகினார். மருமகன் முழுதாகக் கண்ணாடிக்குள் வந்தான். மரியாதையாகப் பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கண்ணாடியின் மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு வட்டமான கட்டுத் தெரிந்தது.

“மகன்! பின்னுக்குக் கிணறு! நில்லுங்க வாப்பா!”

அவன் நின்றான். குதிக்கால் கிணற்றுக்கட்டில் பட்டிருந்தது.

முற்றம் முழுவதும் நின்றது. சாச்சியின் கை அந்தரத்தில் நின்றது. அந்த வீட்டில் மாமி மருமகனுக்கு நேரே சொன்ன முதல் பேச்சு அது. சொன்னவர் பெட்டியை இறக்கிவிட்டு, நேரே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்ததை உணர்ந்ததும், முக்காட்டை இழுத்து மூடி, பெட்டியோடு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“ராத்தா” என்றார் சாச்சி. “உசிரோட இரிக்கியளா?”

“இரிக்கன்” என்றது கதவு. “முடிவு சொல்லட்டா? இந்தப் பொட்டி நிக்கட்டும்.”

ஸம்ஸியா துள்ளி எழும்பினாள். “உம்மா! என்ட உம்மா! சனிக்கிழமை நான் இதை—”

“சனிக்கிழமை நீ போ, மாப்புளையோட சந்தோசமாப் போயிட்டு வா. பொட்டி இஞ்ச நிக்கும். எனக்கு வேணும்.”

“உம்மா!”

“நீங்க திரும்பி வந்தா நான் மருமகனை எதால பாக்கிற? மறுகாச் செருப்பையா பாக்க? பள்ளிக்குப் போறதையும் இதால பாக்கலாம், பெருநாளைக்கு உடுத்து நிக்கிறதையும் பாக்கலாம். ஒரு குத்தமுமில்ல, குனிஞ்சிதானே பாக்கன்.”

ஸம்ஸியா பாயில் போய்க் குந்திவிட்டாள். ஒன்றுதான் வாங்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று கமராவையும் உம்மா மறுத்துவிடுவார் என்று பயந்தவளுக்கு, உம்மா ஒன்றில் இப்படி விழுந்துவிடுவார் என்று தோன்றவேயில்லை. கொழும்பும் கண்டியும், தலைக்கு மேல் மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ்ஸும் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தன.

“விடு புள்ள” என்றான் பக்கத்தில் வந்து குந்திய ஸலாஹுதீன் மெதுவாக. “திரும்பி வந்து எல்லாருக்கும் நான் சொல்லுறன்.”

“நீங்க சொல்லுற கதையைத்தான் இவ்வளவு நாளும் கேட்டன். எனக்குத் தெருவைப் பிடிச்சிக் காட்டணும். நீங்க தெருவைப் பத்திச் சொல்லுறதெல்லாம் எந்தக் கடையில எவ்வளவு சாரம் போட்டெண்டுதான்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. அவள் கை தற்செயலாக அந்த மூக்கு நீட்டுகிற கமராவின் மேல் கிடந்தது. விரலால் தடவிக்கொண்டிருந்தவள் நின்றாள். வட்டக் கண்ணாடிக்கு மேலே விரல் நகம் அளவில் இன்னொரு கண்ணாடி. மேலாலிருந்து பார்த்தாள்.

“மச்சான்! இதிலயும் குனிஞ்சி பாக்கலாம்!”

அவள் எழும்பிக் கதவைத் தட்டினாள். “உம்மா, துறங்க. ஒரு கதை.”

“பொட்டி தர மாட்டன்.”

“பொட்டி வாணாம். இதைப் பாருங்க. இதுவும் கண்ணைத் தாழ்த்துது. மூடினா முக்காட்டுக்குள்ள கிடக்கும்.”

கதவிடுக்கால் கை வந்து அதை வாங்கியது. “என்ன இது, ஒண்டும் தெரியல்ல. மருமகன் பருப்பு மாதிரி நிக்கார்.”

“மருமகனைப் பாக்க உங்களுக்கு என்னத்துக்கு உம்மா கமரா? நேரே கூப்பிட்டீங்க. நேரே பாத்தீங்க. அவர் கிணத்தில விழல்ல, வானமும் இடிஞ்சி விழல்ல. இனியும் ஒளிஞ்சி நிண்டா அவருக்குத்தான் மனத்தாக்கம். மாமி பிழையாக் கூப்பிட்டுட்டா எண்டு நினைப்பார்.”

ஹாஜறா சாச்சி கதவருகே வந்து, “ராத்தா, தெருவைப் பாக்கிறவளுக்குத்தான் கமரா வேணும். வீட்டுக்குள்ள இரிக்கிற ஆளைப் பாக்கக் கண் போதும்” என்றார்.

கதவு திறந்தது. ஆசியா உம்மா வெளியே வந்தார். கையில் பெட்டி இல்லை. தலை குனிந்துதான் இருந்தது; மெல்ல நிமிர்ந்தது. மருமகனைப் பார்த்தார். பாயிலிருந்து எழும்பி நின்ற ஸலாஹுதீனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“வலக் கன்னம்தான்” என்றார் ஆசியா உம்மா. பிறகு, முகம் சிவக்க, “தேத்தண்ணி போடட்டா மகன்?”

“ஓம்... ஓம் மாமி. சீனி கொஞ்சம் கூட.”

“கூடவா? இவ்வளவு நாளும் குறைச்சல்லோ போட்ட! ஏன் சொல்லல்ல?”

“கோழிக்குச் சொன்னன் மாமி.”

ஆசியா உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குசினிக்குள் போகும்போது திரும்பி, “மூக்கு நீட்டுறது நிக்கட்டும், உள்ளுக்கு இரிக்கிற பொட்டியைத் திருப்பி அனுப்பக் கெதியாக் கட்டுங்க. நான் தேத்தண்ணியோட வாறதுக்குள்ள கட்டிடணும். மறுகா மனம் மாறிடும்” என்றார்.

“ஒரு நிமிசம்!” என்று மறுபடி மாமரத்தடியில் போய் நின்றார் ஹாஜறா சாச்சி. “அப்ப என்னைப் பிடிச்ச படம்?”

“பிலிம் இல்ல சாச்சி.”

“என்ன? நான் வயித்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நிண்டதெல்லாம் சும்மாவா?”

சனிக்கிழமை காலை கல்முனையில் மட்டக்களப்பு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். சந்தைக்கு மீன் கூடைகள் போய்க்கொண்டிருந்தன. வைக்கோல் வண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு லொறி ஊதிக்கொண்டிருந்தது. பக்கத்து வாங்குப் பலகையில் குடையோடும் வெள்ளைத் தாடியோடும் நிந்தவூர் யாவாரி ஒருவர். ஸம்ஸியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முக்காட்டின் விளிம்பில் ஒரு கறுப்பு மூக்கு மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

யாவாரி நெடுநேரம் பார்த்துவிட்டு ஸலாஹுதீனின் பக்கம் சாய்ந்தார். “தம்பி, பொஞ்சாதியா?”

“ஓம் காக்கா” என்றான் அவன், மூத்தவரை அழைக்கும் முறையில்.

“நானும் வந்ததிலிருந்து பாக்கன். இவ்வளவு சனம், இவ்வளவு சத்தம். ஒருக்காலும் தலையை நிமித்தல்லயே. இந்தக் காலத்தில இப்பிடி அடக்கமான புள்ள கிடைக்கிறல்ல.”

“சரியான அடக்கம் காக்கா.”

டிக்.

“என்ன சத்தம்?”

“காப்புச் சத்தம்” என்றான் ஸலாஹுதீன்.

யாவாரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது.

“மச்சான், அவர் படத்தில நல்லா விழுந்திட்டார். நீங்க கொஞ்சம் இஞ்சால தள்ளி நில்லுங்க, எனக்கு அந்த வைக்கோல் வண்டி வேணும்.”